ஒரு வெடியா, இரண்டா?

இலைகளுக்குள் முகம் புதைத்துப் படுத்திருந்தேன். வாயைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டு சுட்டுவிரல்களும் காதுகளுக்குள் இருந்தன. நனைந்த மேப்பிள் இலைகள், வடித்துப்போட்ட தேயிலைச் சக்கைபோல மணத்தன. நாக்கில் மண் கரகரத்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை.

ஒரு சப்பாத்து நுனி என் தோளை மெல்லத் தட்டியது.

"ஐசே, எழும்பும். மான் விழுந்திட்டுது."

குணம் மேலே நின்றான். தோடம்பழ நிற மேலங்கி, அதே நிறத்தில் தொப்பி. வலது கையில் அந்தக் குட்டைத் துவக்கு, குழல் நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. அவன் முகத்தில் சந்தோஷமா களைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. கீழேயிருந்து பார்த்தால் எவருடைய முகமும் அப்படித்தான் தெரியும்.

நான் அன்று அவனோடு காட்டுக்குப் போனது ஒரே ஒரு வேலைக்காக. நடப்பதைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். பார்க்க வேண்டிய அந்த இரண்டு மூன்று விநாடிகளில் நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து போனால் ஐந்து

சென்ற வாரம் பார்க்டேல் வீட்டைப் பற்றி எழுதினேன். இரண்டு அறைகளில் எட்டுப் பேர் முறைவைத்து உறங்கிய அந்த வீட்டில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன் குணரத்தினம். நான் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போனேன். அவன் கூரை வேலைக்குப் போனான். பிறகு சொந்தமாகக் கூரைக் கம்பெனி நடத்தி, கல்யாணம் செய்து, பிக்கரிங்கில் வீடு வாங்கினான்.

வேட்டையும் அவனுக்குக் கூரையால்தான் வந்தது. பீற்றர்பறோவுக்கு வடக்கே டொன் என்ற வெள்ளைக்கார விவசாயியின் களஞ்சியத்துக்குத் தகரம் மாற்றப் போனவனை, இலையுதிர் காலத்தில் மான் சுட வரச்சொன்னார் அவர். குணம் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி அட்டை எடுத்தான். அந்த விண்ணப்பத்தில் அவனைத் தெரிந்த இருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவன் நான். இவரிடம் துவக்கு இருப்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை என்ற பொருள்பட ஒரு வரி அதில் இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்து வைத்தேன். கூரை வேலைக்காரன் ஒருவன் மான் சுடுவதில் யாருக்கு ஆபத்து என்று மான்களின் பக்கம் நின்று ஒரு பகிடியும் விட்டேன்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் அவன் ஏணியிலிருந்து விழுந்தான். இடது தோள் நொறுங்கியது. கம்பெனியை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு மாதக்கணக்காக, வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்றில் இருந்தான். தொலைபேசியை எடுக்கவில்லை. நான் நேரில் போனால், கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வான். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு காலை அவன் மனைவி வதனி உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கியபோது, அவன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். எண்ணெய் போடுகிறேன் என்றான். துணியும் எண்ணெய்ப் போத்தலும் பக்கத்தில் இருந்தன. புதுப் போத்தல். அதன் மூடியின் முத்திரை உடைந்திருக்கவில்லை.

வதனி இதை எனக்குச் சொன்னபோது அவளுடைய குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூடியின் முத்திரையைப் பற்றி மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு சட்டம். துவக்கு கீழே இரும்பு அலுமாரியில். அதற்குப் போடுகிற ரவைகள் மேல்மாடியில், அவளுடைய சீலைகளுக்குப் பின்னால், ஒரு பால்மா டின்னில். அவனுடைய அனுமதி அட்டையும் அதே டின்னில். அட்டை இல்லாமல் கடையில் ரவை வாங்க முடியாது. வைத்தியரும் மருந்தும் அவனை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தன. வெளியே காற்றுப்படப் போய்வருவது நல்லது என்று வைத்தியர் சொன்னார். வேட்டைக் காலம் வந்தது. வதனி ஐந்து ரவைகளை எண்ணி அவன் கையில் கொடுத்தாள். ஐந்து போனால் ஐந்து திரும்பி வரவேண்டும். சுட்டிருந்தால், சுட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுப் பித்தளைக் கோது வரவேண்டும். குணம் மறுபேச்சுப் பேசவில்லை. வேலைத்தலத்தில் ஆணிகளை இப்படித்தான் நானும் கணக்குப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னானாம்.

அந்த முதல் வருடம் ஒரு வெடி வைத்தான். மானும் வந்தது, கோதும் வந்தது, நான்கு ரவைகளும் வந்தன. இந்த வருடம் வதனி என்னை அழைத்தாள். அவன் மறுபடி பேச்சைக் குறைத்துவிட்டான் என்றாள்.

"அண்ணை, ஒருக்கால் அவரோட போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள். கண்டதைத்தான் சொல்லுவீங்கள்."

எல்லாம் முடிந்த பிறகு, இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். வதனி உடனே சம்மதித்தாள். பேஸ்மென்றில் இருக்கும் வேறு ஆண்களின் பெண்சாதிமாரும் வாசிக்கட்டும் என்றாள். குணம் கொஞ்சம் யோசித்தான்.

"எழுதும். ஆனா எத்தினை வெடி எண்டு நீர் முடிவெடுக்காதையும்," என்றான்.

கட்டையன்

அந்தத் துவக்குக்கு அவன் வைத்த பெயர் கட்டையன். குழல் ஒரு முழத்துக்கும் குறைவு. முழுத் துவக்கையும் ஒரு குடையைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பற்றைகளுக்குள் புகுந்து போகலாம். நீளக் குழல் கொப்புகளில் மாட்டும், இது மாட்டாது என்பதுதான் அதன் பெருமை. தோள் உடைந்த பிறகு அது இலகுவாகவும் இருந்தது.

விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அந்த வளையத்தை முன்னால் தள்ளி, மறுபடி இழுக்க வேண்டும். தள்ளும்போது சுட்ட கோது வலது பக்கமாகத் தெறித்து விழும். இழுக்கும்போது அடுத்த ரவை உள்ளே ஏறும். ரவைகளை இறக்குவதற்கும் வேறு வழியில்லை. சுடாமலே வளையத்தைத் தள்ளித் தள்ளி இழுக்க, அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். இவ்வளவும் விடியற்காலையில் டொன்னின் முற்றத்தில் பிக்கப்பின் பின்தட்டில் இருந்துகொண்டு அவன் எனக்கு விளக்கியது. அந்த வருடத்தில் அவன் என்னோடு பேசிய ஆக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

வெளிச்சம் வந்த பிறகுதான் ரவை போடலாம் என்பது சட்டம். வெளிச்சம் வந்தது. பக்கவாட்டில் இருந்த சிறு மூடியைப் பெருவிரலால் அமுக்கி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். நான் எண்ணினேன். ஐந்து. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் இல்லாத எண் அது ஒன்றுதான்.

காட்டுக்குள் ஒரு விழுந்த மரத்தின் பின்னால் இருந்தோம். எனக்கும் ஒரு தோடம்பழ நிற மேலங்கி தந்திருந்தான். வதனியுடையது, குப்பை வாளி உருட்டப் போகும்போது போடுவது. குளிர் முதலில் முழங்காலுக்கு வந்தது. ஒரு மணித்தியாலம் போயிற்று. இன்னொரு மணித்தியாலம் போயிற்று. ஏணியிலிருந்து விழும்வரை பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காதவன், அங்கே மரத்தோடு மரமாக இருந்தான். அவன் மூச்சு வெள்ளையாக வெளியே வந்து கலைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அமைதி நல்லதா? பேஸ்மென்றில் அவன் இருந்ததும் இதே அமைதிதான். இரண்டும் வேறு வேறு என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம் இரண்டும் ஒன்று என்று தோன்றும். குறிப்புப் புத்தகத்தில் "அமைதியாக இருக்கிறான்" என்று எழுதி, பிறகு அதை வெட்டினேன்.

எண்ணினாயா?

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில் செய்தி ஆசிரியர் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனிதர். எந்த எண்ணை எழுதிக் கொண்டுபோனாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான். எண்ணினாயா?

ஒருநாள் ஷெல் விழுந்த ஒரு தெருவுக்குப் போய்வந்தேன். ஏழு ஷெல் விழுந்தது என்று எழுதினேன். எண்ணினாயா என்றார். சனங்கள் சொன்னார்கள் என்றேன். நீ அப்போது எங்கே நின்றாய் என்றார். இரண்டு தெரு தள்ளி, ஒரு மதிலோரம், முகம் குப்புறப் படுத்திருந்தேன் என்றேன். அவர் ஏழு என்பதை வெட்டிவிட்டு "பல" என்று திருத்தினார். படுத்திருக்கிறவன் எண்ணக்கூடாது என்றார்.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் படுக்கப் பழகியிருந்தோம். பாடசாலையிலே சொல்லித் தந்தார்கள். சத்தம் கேட்டால் குப்புறப் படு, காதைப் பொத்து, வாயைத் திற. வாயைத் திறக்காவிட்டால் செவிப்பறை வெடித்துவிடும் என்றார்கள். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கனடாவுக்கு வந்த முதல் வருடத்தில், கனடா தினத்து வாணவேடிக்கைக்கு ஏரிக்கரையில் ஐந்தாறு தமிழர்கள் புல்லில் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நானும் படுத்திருந்தபடியால், எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல முடியாது.

அந்தப் பழக்கம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த நாட்டில் எவ்வளவோ சத்தங்கள் கேட்டாயிற்று. எதற்கும் நான் படுத்து இருபது வருடமாவது இருக்கும்.

நிலத்தின் வழியாக

மான் எங்கள் இடப்பக்கமாக வந்தது. வந்தது என்பதைவிட, அங்கே ஏற்கெனவே நின்றது எனக்கு அப்போதுதான் தெரிந்தது என்பது சரி. கலைமான். கொம்புகள் காய்ந்த கொப்புகளோடு கலந்திருந்தன. குணத்தின் பெருவிரல் துவக்கின் பின்னாலிருந்த கொக்கியை இழுத்தது. மெல்லிய சொடுக்குச் சத்தம். மானின் காது திரும்பியது.

பிறகு வெடி.

அதன் பிறகு நான் நிலத்தில். யோசித்துப் படுக்கவில்லை. கால்கள் தாமாக மடிந்தன. காதைப் பொத்திய பிறகு நிலத்தின் வழியாக நெஞ்சில் ஏதோ இடித்தது. அது இரண்டாவது வெடியாக இருக்கலாம். முதல் வெடியின் எதிரொலியாக இருக்கலாம். அந்தப் பக்கம் ஒரு குன்று இருக்கிறது. என் இதயமாகவும் இருக்கலாம். அறுபது வயதில் அதுவும் பலமாகத்தான் இடிக்கிறது.

எழும்பிப் பார்த்தபோது குணம் நாற்பது அடி நடந்துபோய்த் திரும்பி வந்திருந்தான். மான் ஒரு பேர்ச் மரத்தடியில் கிடந்தது. கண் திறந்தபடி இருந்தது. மூக்கு நுனியில் ஈரம் இன்னும் மினுங்கியது.

அவன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் மல்லாக்க வைத்துவிட்டு ரவைகளை இறக்கினான். வளையம் போய்வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காம் தரம் எதுவும் விழவில்லை. சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவி, எனக்கும் திறந்து காட்டினான். வெறுமை.

மூன்று. நான் தொப்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"ரெண்டு சுட்டனான்," என்றான். "முதல் வெடியிலை பட்டது. ஓடினது. மற்றது பிழைச்சிட்டுது."

எனக்கு ஒன்றுதான் கேட்டது என்றேன். நிலத்துக்குள் கிடந்த ஆளுக்கு என்ன கேட்கும் என்று திருப்பிக் கேட்டான். அது நியாயமான கேள்வி.

இரண்டு வெடி என்றால் இரண்டு கோது கிடக்க வேண்டும். விழுந்த மரத்தின் வலது பக்கம் ஒன்று பளபளவென்று கிடந்தது. மற்றது இல்லை. இரண்டாவது வெடிக்குப் பிறகு நடந்துகொண்டே வளையத்தைத் தள்ளினேன், எங்கே தெறித்ததோ என்றான். முழங்காலில் நின்று இலைகளைக் கிளறினோம். அந்தக் காட்டில் நவம்பர் மாதத்து நிலம் முழுவதும் பித்தளை நிறம்தான்.

மானின் உடம்பைப் போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு துளை. புரட்டினால் அந்தப் பக்கம் ஒரு துளை. இரண்டு துளை, இரண்டு வெடி என்று எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அவனே அதைக் கெடுத்தான்.

"உது ஒண்டுதான், ஐசே. உள்ளுக்கை போனதும் வெளியிலை வந்ததும்."

தனக்குச் சாதகமான பிழையை அவன் ஏன் திருத்தினான்? உண்மை பேசுகிறவன் என்பதாலா, அல்லது அப்படி நான் நினைக்க வேண்டும் என்பதற்காகவா? குறிப்புப் புத்தகத்தில் இரண்டையும் எழுதினேன்.

டொன் உழவு இயந்திரத்தோடு வந்தார். எத்தனை வெடி கேட்டது என்று அவரிடம் கேட்டேன். இது மான் வாரம், விடிந்ததிலிருந்து நாலு பக்கமும் வெடிதான், நான் எண்ணவில்லை என்றார். மானைத் தம் களஞ்சியத்தில் தொங்கவிடுவதாகச் சொன்னார். பிக்கரிங் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகவும் முடியாது. வதனிக்குக் கந்தசஷ்டி விரதம், அன்று மூன்றாம் நாள். சூரன்போர் முடிந்து, பாறணை முடியும்வரை மான் அங்கேயே தொங்கட்டும் என்று குணம் டொன்னுக்கு ஆங்கிலத்தில் விளக்கியது தனிக் கதை. உங்கள் கடவுளுக்கும் வேட்டைக் காலம் இதுதானா என்று டொன் கேட்டார்.

பிக்கப் ஹைவேயில் ஏறியது. குணம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்.

"வதனி கேட்டா ரெண்டு எண்டு சொல்லும். நீர் சொன்னா நம்புவா."

ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போயிற்று.

"கேக்க நினைக்கிறதைக் கேளும்," என்றான்.

"ஒண்டை எடுத்து வைச்சிருக்கிறீரோ?"

"இல்லை."

பத்திரிகையில் எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். உண்மை சொன்னவர்களும் பொய் சொன்னவர்களும் இந்த ஒரு சொல்லை ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்.

சாப்பாட்டு மேசை

வதனி தலைமுழுகி, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்திருந்தாள். நெற்றியில் திருநீறு. வீட்டில் சாம்பிராணி மணந்தது. பால்மா டின் ஏற்கெனவே சாப்பாட்டு மேசையில் இருந்தது.

குணம் மூன்று ரவைகளையும் ஒரு கோதையும் மேசையில் வரிசையாக வைத்தான். நான்கு சின்னப் பித்தளைப் பொருள்கள். வதனி அவற்றைத் தொடவில்லை. இரண்டு வெடி வைத்ததாகவும், ஒரு கோது இலைகளுக்குள் போய்விட்டதாகவும் அவன் சொன்னான். நல்லூர்க் கந்தனாணை என்று தொடங்கியவனை அவள் கையால் மறித்தாள். விரத நாளில் ஆணை வேண்டாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, எத்தினை வெடி கேட்டனீங்கள்?"

குணம் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அதைச் சொல்லி, அது உண்மையாக இல்லாவிட்டால், அந்த ஒரு ரவை இந்த வீட்டில் எங்கோ இருக்கும். ஒன்று என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லி, அது உண்மையாக இல்லாவிட்டால், உண்மை சொன்ன ஒரு மனிதனை, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிற ஒருவனை, நான் மறுபடி படிகளில் கீழே தள்ளுகிறேன்.

"எனக்கு ஒண்டு கேட்டது, பிள்ளை. ஆனா நான் அப்ப காதைப் பொத்திக்கொண்டு நிலத்திலை கிடந்தனான். எனக்குத் தெரியாது."

குணம் மெதுவாகத் தன் ஜாக்கெற்றின் பைகளை வெளியே இழுத்து மேசையில் கொட்டினான். கையுறை, கோப்பிக்கடை ரசீதுகள், இருமல் மிட்டாய், ஒரு கூரை ஆணி. பிறகு காற்சட்டைப் பைகள். அவன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது வதனி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள்.

"காணும். எடுத்துப் போடுங்கோ. நான் பொலிஸ் இல்லை."

அவன், துவக்கை வைத்துப் பூட்டிய அலுமாரித் திறப்பை, யாரும் கேட்காமலே, மேசையின் அவள் பக்கமாகத் தள்ளினான். அவள் அதை எடுத்துத் தாலிக்கொடியில் கொழுவினாள். நாளைக்கு மூன்று பேரும் போய்த் தேடுவோம் என்றாள். சமையலறைக்குள் போய் எனக்குத் தேநீர் வைத்தாள். கேத்தல் கொதிக்கும்வரை அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு அவள் உறங்கவில்லை என்று பிறகு சொன்னாள். அவன் உறங்கினானா என்று கேட்டேன். உறங்குகிற மாதிரி இருந்தார் என்றாள்.

மூவர்

மறுநாள் காலை நான் அங்கே போனபோது, அலுமாரித் திறப்பைக் கேட்டு வாங்கி, குணம் துவக்கின் கறுப்புப் பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். பூட்டிய பெட்டி. ரவை எதுவும் இல்லை, அதை வதனியே பார்த்திருந்தாள். தேடப் போகிறவர்களுக்குத் துவக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. டொன்னிடம் ஒரு வேலை இருக்கிறது என்றான். வதனி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். குளிருக்கு அவன் தோள் வலித்தது, அல்லது அவள் அவனை வண்டி ஓட்ட விடவில்லை. இதுவும் எனக்குத் தெளிவில்லை.

காட்டில் அவள் எங்கள் இருவரையும் விட ஒழுங்காகத் தேடினாள். என்னை நேற்றுப் படுத்த இடத்தில் நிற்கச் சொன்னாள். அவனை வெடி வைத்த இடத்தில் நிற்கச் சொன்னாள். வெறுங்கையால் வளையத்தைத் தள்ளுவதுபோலச் செய்துகொண்டு மான் விழுந்த மரம்வரை நடக்கச் சொன்னாள். அவன் நடந்த பாதையின் வலது பக்கத்தைச் சேலைத் தலைப்பளவு துண்டுகளாகப் பிரித்தாள். ஒவ்வொரு துண்டாக இலைகளை அள்ளி, உதறி, பின்னால் குவித்தாள். விரதக்காரி. காலையிலிருந்து வெந்நீர் மட்டும் குடித்திருந்தாள்.

நானும் அள்ளினேன். விரல்கள் மரத்தன. மத்தியானம் தாண்டியது. குணம் தன் துண்டில் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லாத ஒன்றைத் தேடுகிறவன் அவ்வளவு கவனமாகத் தேடுவானா என்று நினைத்தேன். இல்லாத ஒன்றைத் தேடுகிறவன்தான் அவ்வளவு கவனமாகத் தேடுவான் என்றும் நினைத்தேன்.

"இஞ்சை கிடக்கு," என்றாள் வதனி.

அவள் உள்ளங்கையில் ஒரு கோது. நாங்கள் இருவரும் கிட்டப் போனோம். அதே அளவு, அதே நீளம். வாய்ப்பக்கத்தில் மண் இறுகியிருந்தது. அடி விளிம்பில் பச்சைக் களிம்பு. பித்தளை ஒரு நாளில் அப்படிக் களிம்பு பிடிக்காது. எனக்கு அது தெரியும். அதை நான் சொல்லவில்லை. வதனி அதைப் புரட்டிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். அவளுக்கும் தெரியும் என்பதை அவள் கண் இமைக்காமல் இருந்ததிலிருந்து கண்டுகொண்டேன்.

"ரெண்டு," என்றாள். "சரி. கணக்கு முடிஞ்சுது."

குணம் இலைகளில் முழங்காலோடு இருந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வதனி, உது பழசு. நான் விழ முந்தி எப்பவோ சுட்டது."

"தெரியும்."

"நான் ரெண்டுதான் சுட்டனான்."

"அதுவும் தெரியும்," என்று சொல்லி, அந்தக் கோதைக் கோட்டுப் பைக்குள் போட்டு, பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

அது நம்பிக்கையா, அல்லது களைத்துப்போன ஒருத்தியின் தீர்ப்பா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். குணம் எழும்ப முயன்றான். நல்ல கையை அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் அவள் கையை விடவில்லை. நான் மரங்களைப் பார்த்தேன்.

முற்றத்துக்கு வந்ததும் அவன் பிக்கப்பின் பின்தட்டைத் திறந்து கறுப்புப் பெட்டியை எடுத்தான். டொன்னின் வீட்டுப் பக்கம் நடந்தான். அங்கே டொன்னுடைய துவக்குகள் இருக்கும் அலுமாரி ஒன்று உண்டு. வாசலில் இருவரும் பேசுவது தெரிந்தது. டொன் தலையை ஆட்டினார், பெட்டியை இரு கையாலும் வாங்கினார். கதவு மூடியது. இதை அவன் எப்போது முடிவெடுத்தான் என்று கணக்குப் பார்த்தேன். காலையில் பெட்டியை ஏற்றும்போதே எடுத்திருக்க வேண்டும். கோது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என்று. அப்படியென்றால் அந்த ஒரு ரவை? அப்படியென்றால் அவன் தன்னைப் பற்றி, எங்கள் இருவரையும் விட, ஏதோ தெரிந்து வைத்திருக்கிறான்.

திரும்பி வந்தவன் கையில் ஒரு காகிதப் பை. டொன்னின் தோட்டத்து அப்பிள்கள், விரதக்காரிக்கு என்று கொடுத்தாராம்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறியிருந்த வதனி பையை வாங்கி மடியில் வைத்தாள். பிறகு பையோடு இறங்கி, மற்றப் பக்கமாகச் சுற்றி வந்தாள்.

"நீங்கள் ஓடுங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு."

மண் தெருவைக் கடக்குமுன்பே அவள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. வாய் இலேசாகத் திறந்திருந்தது. பள்ளங்களில் வண்டி ஏறி இறங்கியும் அவள் விழிக்கவில்லை. ஹைவேயில் ஏறும் வளைவில் குணம் பின்பார்வைக் கண்ணாடியில், பின் இருக்கையில் இருந்த என்னைப் பார்த்தான்.

"நித்திரையோ?" என்று மெல்லக் கேட்டான்.

நான் முன்னால் சாய்ந்து, அவளுடைய மூச்சை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன்.

அவன் வலதுபக்க ஓரத்துக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, வீடுவரை அப்படியே ஓட்டினான்.